கோல்ப் வாத்தியார் பெண்சாதி

ஐம்பத்தாறாம் வருஷத்தில் நுவரெலியாவில் கோல்ப் வாத்தியார் என்றால் ஒரே ஒரு ஆள்தான். சோலைமலை. அவருக்கு முன்னால் இருந்த வெள்ளைக்கார வாத்தியார் சுதந்திரம் கிடைத்த மறுவருஷமே பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார். இன்னொரு வெள்ளைக்காரரை வரவழைக்க கிளப்புக்கு மனம் வரவில்லையோ, கட்டுப்படியாகவில்லையோ, முப்பது வருஷமாகத் துரைமாரின் தடிப் பை தூக்கிக்கொண்டிருந்த சோலைமலையைக் கூப்பிட்டு, புதிதாக வருகிறவர்களுக்கு நீயே சொல்லிக்கொடு என்று விட்டுவிட்டார்கள். காக்கிக் கோட்டு ஒன்று கிடைத்தது. மற்றபடி அவருக்குக் கிளப்பின் முன்வாசல் அப்போதும் கிடையாது. பின்பக்கத்துக் குசினி வாசல்தான்.

ஆனால் பாடம் சொல்வதில் மனிதர் கெட்டிக்காரர். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் பிறகு நடந்தது எவ்வளவு கேவலம் என்று விளங்காது. கற்றுக்கொள்ள வருகிற ஆள் காரிலிருந்து இறங்கிப் புல்லுக்கு வருவதற்குள் அவருடைய நடையைப் பார்த்தே தடியை எப்படி வீசுவார் என்று சோலைமலை கணக்குப் போட்டுவிடுவார். யாருடைய உடம்பையும் தொட்டுத் திருத்த மாட்டார். தொடவும் கூடாது. ஒரு தேயிலைக் குச்சியை ஒடித்துக் கால் பக்கத்தில் போட்டு, "இதத் தாண்டாம நில்லுங்க" என்பார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்வார். பத்துத் தப்பு கண்ணில் பட்டாலும் ஒன்பதை விழுங்கிவிடுவார். பந்து எங்கே போய் விழுந்தாலும் முகம் மாறாது. குரல் உயர்ந்ததே இல்லை.

அந்த வருஷம் தை மாதத்திலிருந்து சனிக்கிழமை தவறாமல் விஜேகோன் மாத்தயா வந்துகொண்டிருந்தார். கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி. தோட்டத்துச் சனங்கள் குடியுரிமை கேட்டுப் போட்டிருந்த மனுக்களை விசாரிப்பதுதான் அவருக்கு உத்தியோகம். இருவரும் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வார்கள். மாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று அவர் அடித்த மூன்று பந்தும் வலப்பக்கத்துப் பற்றைப் புதருக்குள் போய்விட்டன.

"பந்து ஏன் அந்தப் பக்கமே போகுது, சோலைமலை?"

"பந்த விடுங்க மாத்தயா. அது போயிருச்சு. கை எப்படி இருந்துச்சு?"

"கையா?"

"ஆமாங்க. தடியப் புடிச்ச கை."

விஜேகோன் தன் கையைப் பார்த்தார். "கொஞ்சம் இறுக்கிட்டேன் போல."

"ஏன் இறுக்குனீங்க?"

"தண்ணிக்குள்ள விழுந்துருமோன்னு ஒரு பயம்."

"அவ்வளவுதாங்க. பயந்தா கை இறுகும், கை இறுகுனா பந்து கோணும். இன்னிக்கு இது ஒன்னு போதும்."

நாலாவது பந்து ஓடையைத் தாண்டி நேராகப் போனது. விஜேகோன் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். நடந்துகொண்டே, "உனக்குப் பிள்ளைகள் எத்தனை?" என்று கேட்டார்.

"மூனுங்க. மூத்தது பொம்பளப் புள்ள. எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியிருக்கு. நர்ஸ் வேலைக்குப் படிக்க எடுக்கிறோம், பிரஜாவுரிமைக் கடதாசி இருந்தாக் கொண்டாங்கன்னு சொல்லியிருக்காங்க."

"நல்லது" என்றார் அவர்.

அவ்வளவோடு பேச்சு நின்றது. சோலைமலையின் கோட்டுப் பைக்குள் விசாரணைக்கு வரச் சொல்லி வந்த கடிதம் இருந்தது. அடியில் விஜேகோனின் கையெழுத்து. கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. என் பெண்சாதி நாற்பத்தாறில் இந்தியாவுக்குப் போய் ஒன்பது மாதம் இருந்துவிட்டு வந்தாள், அது எங்கள் மனுவைக் கெடுக்குமா? கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் கோல்ப் திடலில் ஒரு சட்டம் உண்டு, யாரும் எழுதிவைக்காத சட்டம். பை தூக்குகிறவன் காற்றைப் பற்றிப் பேசலாம், புல்லைப் பற்றிப் பேசலாம். தன் வீட்டுக் காரியத்தைப் புல்லுக்குக் கொண்டுவரக் கூடாது. மகனுக்கு வேலை கேட்டு ஒரு துரையிடம் வாயைத் திறந்த, கூடப் பை தூக்கிய நல்லமுத்துவை மறுநாளே திடலுக்குள் விடவில்லை. சோலைமலை கேள்வியை விழுங்கிக்கொண்டு பையைத் தோள் மாற்றிப் போட்டார்.

கேட்காமல் விட்டவருக்கு லயத்துப் பேச்சுத்தான் சட்டப் புத்தகம். காட்டுமல்லித் தோட்டத்தில், குடும்பத்துக்கு ஒரு காம்பரா அறை என்று வரிசையாகக் கட்டிய லயத்தில் அவர்கள் இருந்தார்கள். அதே லயத்தில் இராமையா என்று ஒருவர் இருந்தார். இந்தியாவுக்குப் போய்வந்தேன் என்று விசாரணையில் உண்மையைச் சொன்னார், மனு தள்ளுபடியாகிவிட்டது. அவர் போய் இரண்டரை வருஷம் இருந்தார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. இந்தியா என்று வாயைத் திறந்தால் போச்சு என்பதுதான் லயம் முழுக்கப் பேச்சு. ஐம்பத்தோராம் வருஷம் மனு எழுதும்போதே, "பொண்டாட்டி வெளிநாடு போனதுண்டா?" என்று கேட்ட கடைக்கார மஃறூப் நானாவிடம், "இல்ல நானா" என்று சோலைமலை எழுதவைத்திருந்தார். இனிப் பெண்சாதி பூரணியும் விசாரணையில் அதையே சொல்ல வேண்டும்.

அவள் போனது, தோட்டத்தை விட்டு முசிறிக்கே திரும்பிப் போயிருந்த தாய்க்கு உடம்பு முடியாமல். போகும்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். முசிறியில்தான் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. பதினோரு நாள் இருந்தது. பெயர் வைக்கவில்லை, பூரணி மட்டும் சின்னு என்று கூப்பிட்டாள். அதற்குப் பிறகு தாயும் போய்ச் சேர்ந்தாள். இரண்டு சாவையும் பார்த்துவிட்டுத் தலைமன்னாரில் வந்து இறங்கியவள், அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. சோலைமலை அந்தப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை. அதனால்தானோ என்னவோ, அவருக்கு அந்த ஒன்பது மாதத்தை அழிப்பது லேசாக இருந்தது.

விசாரணைக்காக அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் பங்குனி முழுவதும் நடந்தது. பூரணி கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி, நனைந்த கம்பளியை வாசல் இஸ்தோப்புக் கம்பியில் உதறிப் போட்டுவிட்டு, கை விறைப்புப் போக அடுப்பில் காட்டி, ரொட்டிக்கு மாவு பிசைய உட்காருவாள். சோலைமலை தகரப் பெட்டிமேல் உட்கார்ந்துகொள்வார்.

"எங்க பொறந்த?"

"இதே தோட்டத்துலதான். ஆறாம் நம்பர் லயத்துல."

"கல்யாணம் எப்ப?"

"முப்பத்தேழு. தை மாசம்."

"தேதி?"

"தேதி... இருபத்தி..."

"இருபத்தொன்பது. எத்தன தடவ சொல்றது? இந்தியாவுக்குப் போயிருக்கியா?"

மாவுக்குள் இருந்த கை நின்றுவிடும். "போகல."

"அப்படி இழுத்துச் சொன்னா யாரு நம்புவா? ஒரு நாளும் போகலீங்க, இங்கயே பொறந்து இங்கயே வளந்தவங்க. வெடுக்குன்னு சொல்லணும். சொல்லு."

"ஒரு நாளும் போகலீங்க. இங்கயே பொறந்து..." அவள் நிறுத்தினாள். "எங்கம்மா சாவுக்குப் போனத எப்படிங்க போகலன்னு சொல்றது? வாய் வர மாட்டேங்குது."

"வாய் வராட்டி இந்தப் புள்ள நர்ஸ் வேலைக்கும் போகாது, நாமளும் இங்க இருக்க முடியாது. நாளைக்குக் கப்பல்ல ஏத்துனா அங்க உனக்கு யாரு இருக்கா? உன் மண்டையில என்னா, மண்ணா இருக்கு?"

தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து எறிந்தார். அது காம்பராச் சுவரில் பட்டு உருண்டது. பக்கத்துக் காம்பராவில் பேச்சு நின்றது. மகள் லெட்சுமி கோப்பையைப் பொறுக்கி வைத்துவிட்டு, "அம்மா, ஒரு வார்த்தைதானே. சொல்லிருங்கம்மா" என்றாள். பூரணி தலையை ஆட்டினாள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. ஊரார் வீட்டு அம்மாமாருக்கு ஒரு நாளைக்கு ஒன்று சொல்கிறவர், பதினோரு மணி நேரம் மலையில் நின்றுவிட்டு வந்தவளுக்கு ஒரு நாளைக்கு இருபது சொன்னார். அவளுடைய கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

விசாரணை சித்திரைப் புது வருஷம் கழித்து வந்தது. டவுனில் ஒரு மாடிக் கட்டிடம். பூரணி கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மேசைக்குப் பின்னால் விஜேகோன். பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர். விஜேகோன் சோலைமலையைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். இருவரும் சத்தியம் செய்தார்கள். சோலைமலையின் முறை சுருக்கமாக முடிந்தது. மனைவி இலங்கையை விட்டுப் போனதுண்டா என்று கேட்டபோது, இல்லை என்று சொன்னார்.

அடுத்தது பூரணி. பிறந்த இடம், கல்யாணத் தேதி எல்லாம் சரியாகச் சொன்னாள். மிகவும் சரியாகச் சொன்னாள். கேள்வி முடியுமுன்னே பதில் வந்தது.

"இந்தியாவுக்கு எப்பயாவது..."

"ஒரு நாளும் போகலீங்க. இங்கயே பொறந்து இங்கயே வளந்தவங்க."

மொழிபெயர்ப்பாளர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். இதே வாக்கியத்தை அவர் அந்த வாரம் எத்தனை பேர் வாயில் கேட்டாரோ. விஜேகோன் எழுதிக்கொண்டு, அடுத்ததைச் சும்மா ஒப்புக்குக் கேட்பவர் போலக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

"எத்தன புள்ள பெத்தீங்க?"

"நாலுங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "மனுவுல மூனுன்னு இருக்கே?"

"ஒன்னு தவறிப்போச்சுங்க."

"எந்த வருஷம்?"

"நாப்பத்தாறு."

"எங்க? தோட்டத்து ஆஸ்பத்திரியிலயா? பதிஞ்சிருக்கா?"

இதைச் சோலைமலை சொல்லிக்கொடுக்கவில்லை. அவருக்கு இது நினைவிலேயே இல்லை. பூரணி திரும்பி அவரைப் பார்த்தாள். அவளுடைய கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது, விரல் கணுவெல்லாம் வெளுத்திருந்தது. சோலைமலை அன்றைக்குத்தான் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"எங்க? சொல்லுங்கம்மா."

"முசிறியிலங்க" என்றாள் பூரணி. "கெணத்து மேட்டுல பொதச்சிருக்கு."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். விஜேகோன் பூரணியை வெளியே வாங்குப் பலகையில் போய் இருக்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளரையும் அனுப்பிவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்.

"எத்தனை மாசம் இருந்தா?"

"ஒம்பது மாசம் மாத்தயா."

"ஒம்பதுதானா? நல்லாத் தெரியுமா?"

"கப்பல் டிக்கட் துண்டு இன்னமும் இருக்குங்க."

விஜேகோன் பேனாவை மூடி வைத்தார். "பன்னிரண்டு மாசத்துக்குள்ள திரும்பி வந்திருந்தா அது ஒரு தடையே இல்ல, சோலைமலை. மனுவுல பிழையா எழுதியிருந்தாக்கூட, இன்னிக்கு முதல் வேலையா அதச் சொல்லியிருந்தா நான் திருத்தி எழுதியிருப்பேன். இப்ப ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லியிருக்கீங்க. இனி நீங்க சொன்ன மத்த விஷயத்த நான் எப்படி நம்பி எழுதுறது? உன்னை எனக்குத் தெரியும்கிறதுக்காக வளைக்கவும் முடியாது. மேல கோர்ட்டுக்குப் போகலாம். போனாலும் இந்தப் பொய் கூடவே வரும்."

சோலைமலை கையிலிருந்த விசாரணைக் கடிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"மூனு மாசமா என்கூட நடந்தியே. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"பை தூக்குறவன் கேக்கக் கூடாதுங்க, மாத்தயா."

விஜேகோனின் காது சிவந்தது. காகிதங்களை அடுக்குகிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

திரும்பும்போது தூறல். பூரணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தாள். தோட்டத்துக் குறுக்குப் பாதையில் ஏறும்போது கேட்டாள். "ஐயா என்னாங்க சொன்னாரு?"

அப்போதே சொல்லியிருக்கலாம். பாதையில் வேறு யாரும் இல்லை. "நீ முசிறின்னு சொன்ன பாரு, அதாலதான் போச்சு" என்றார் சோலைமலை.

இது முழுப்பொய் இல்லை என்று யாராவது வாதாடலாம். அவரும் வீடு போய்ச் சேரும்வரை தனக்குள் அப்படித்தான் வாதாடிப் பார்த்தார். ஜெயிக்கவில்லை.

பூரணி செருப்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "மன்னிச்சுக்குங்க. அவரு எங்கன்னு கேட்டதும் எனக்கு வேற எதுவும் வரல" என்றாள்.

தள்ளுபடிக் கடிதம் பதினைந்தாம் நாள் வந்தது. லயத்துக்குச் செய்தி போக அரை மணி நேரம் போதும். பீலிக்கரையில் குடம் வைத்துக் காத்திருந்த பெண்கள், பூரணி வாயால்தான் அந்தக் குடும்பம் கெட்டது என்றார்கள். "புருஷன் கரடியாக் கத்திச் சொல்லிக் குடுத்தாரு, இவ போயி ஒளறிட்டா" என்று அழகம்மா சொன்னது சோலைமலையின் காதில் விழுந்தது. அவர் கேட்காத மாதிரி மேலே ஏறிப் போனார். அவருடைய கத்தல் லயத்துக்கே கேட்டிருந்ததால், அதையே அவருடைய நல்ல குணத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். அது அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்தும் வாயை மூடிக்கொண்டார்.

லெட்சுமி தாயோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டில் வைத்த ரொட்டியை எடுத்துத் தம்பியின் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போவாள். பூரணி அதையும் நியாயம் என்றே எடுத்துக்கொண்டாள். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது மகளின் கம்பளிச் சட்டையைக் காயப்போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் கூடையை மாட்டிக்கொண்டு இறங்குவாள். ஒரு நாள் சம்பல் அரைத்துக்கொண்டே, "நான் கொஞ்சம் படிச்சிருந்தா இப்படி ஆகியிருக்காதுல்லங்க" என்றாள். சோலைமலை ரொட்டியைக் கீழே வைத்தார். தண்ணீர் குடித்தார். அப்போதும் சொல்லவில்லை.

விஜேகோன் அதற்குப் பிறகு கோல்ப் பக்கம் வரவில்லை. வேறு ஆட்கள் வந்தார்கள். வைகாசியில் ஒரு டாக்டர் ஐயாவின் சம்சாரம் புதிதாகச் சேர்ந்தார். கொழும்புத் தமிழ் அம்மா. அன்றைக்கு ஏழெட்டுத் தடவை வீசியும் தடி பந்தில் படவே இல்லை. அந்த அம்மா தடியைக் கீழே போட்டுவிட்டு, கண் கலங்கி, "நான் ஒரு மடைச்சி. எனக்கு ஒன்றும் ஏறாது. உமக்குத்தான் வீண் சிரமம்" என்றார்.

"அப்படிச் சொல்லக் கூடாதுங்கம்மா" என்றார் சோலைமலை, பழக்க தோஷத்தில். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. சொல்லிக் குடுத்தவன் சரியாச் சொல்லலன்னு அர்த்தம்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே கேட்டது. இதே வார்த்தையை முப்பது பேரிடமாவது சொல்லியிருப்பார். எவ்வளவு மரியாதையாக, எவ்வளவு தணிவாகச் சொல்லியிருப்பார். முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்த அம்மா, "என்ன, சுகமில்லையா?" என்று கேட்டார். சோலைமலை தடிகளைப் பையில் போட்டு, இன்றைக்குப் போதும் என்று சொல்லிவிட்டு, பின்வாசலில் சொல்லாமலே கிளம்பினார்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்திக் கொழுந்து நிறுக்கும் நேரம். கொட்டகையில் பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். நனைந்த கொழுந்தின் வாடையும் கம்பளி வாடையும் கலந்திருந்தன. தராசருகில் கணக்கப்பிள்ளை. பூரணி ஏழாவதோ எட்டாவதோ ஆளாக நின்றாள். அவளுக்கு முன்னால் அழகம்மா. காக்கிக் கோட்டோடு ஒரு ஆண் அங்கே வந்து நிற்பது வழக்கமில்லை. யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பேச்சு அடங்கியது.

"புள்ளைக்கு ஏதாவதுங்களா?" என்றாள் பூரணி.

"இல்ல. எல்லாருமே கேளுங்க" என்றார் சோலைமலை. திடலில் பேசுகிற குரல் வரவில்லை, வேறு ஏதோ குரல் வந்தது. "பூரணி மேல தப்பு இல்ல. அந்த ஐயா அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டாரு. ஒம்பது மாசம் போயிட்டு வந்தது ஒரு தடையே இல்லையாம். உண்மையச் சொல்லியிருந்தா கடதாசி கெடச்சிருக்குமாம். பொய் சொன்னதாலதான் போச்சு. பொய்யச் சொல்லச் சொன்னது நானு. அந்த ஐயாகிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு, கேக்காம விட்டதும் நானு. இவ கேட்டப்போ, உன்னாலதான் போச்சுன்னு சொன்னதும் நானு. லெட்சுமிகிட்டயும் சொல்லப் போறேன்."

அழகம்மா திரும்பித் தராசைப் பார்த்துக்கொண்டாள். கணக்கப்பிள்ளை பென்சிலை நாக்கில் தொட்டவர் அப்படியே இருந்தார். சோலைமலை அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஆசையாகக்கூட இருந்தது.

பூரணி நெற்றியில் கிடந்த கூடைக் கயிற்றைப் பின்னால் தள்ளினாள்.

"அப்ப அந்தப் புள்ளையப் பத்தி நான் சொல்லியிருக்கலாமா?"

"சொல்லியிருக்கலாம்."

"மறைக்க வேண்டியதே இல்லையா?"

"இல்ல."

அவள் அவரை நேராகப் பார்த்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவள் இப்படிப் பார்த்து அவருக்கு ஞாபகமில்லை.

"அவரு பாவம், முன்னப்பின்னத் தெரியாத மனுசன். அந்தப் புள்ள எங்கன்னு கேட்டாரு. நீங்க இந்தப் பத்து வருஷத்துல ஒரு நாளாவது, அது எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்களா?"

சோலைமலை கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். கோட்டுப் பொத்தானைத் தடவினார். பிறகு, அத்தனை பேருக்கு முன்னால், மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு பூரணி?"

"இப்பக் கேக்காதீங்க" என்றாள் அவள். "கொழுந்து நிறுக்கணும்."

வரிசை நகர்ந்தது. கயிற்றை மறுபடி நெற்றிக்கு இழுத்துவிட்டு, அவளும் ஓரடி முன்னால் போனாள்.